கோயில் கதவு பூட்டாமல் இருக்க

அனலைதீவில் எங்கள் வீடு கோயில் வீதியிலேயே இருந்தது. அதனால் பூங்காவனத் திருவிழாவுக்கு வரும் மேளகாரர் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். தங்குவார்கள் என்று சொல்வது சுலபம், சமைத்தவள் நான். வெளியில் கச்சேரி நடக்கும்போது நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருப்பேன். ஒரு கச்சேரியையாவது முழுதாகக் கேட்டதாக நினைவில்லை.

அண்ணனுக்குக் கச்சேரி என்றால் பைத்தியம்; பூங்காவனக் கச்சேரி அவர் செலவுதான். சங்கீத ஞானம் மருந்துக்கும் கிடையாது. அவர் தாளம் போட்டால் ஈ கலைப்பதுபோல இருக்கும். ஆனாலும் புகையிலைத் தோட்டத்தில் வந்ததெல்லாம் அந்த ஒருநாள் கச்சேரிக்கே போனது. கலியாணமும் கட்டவில்லை. புருசனை இழந்து நான் அவரோடு வந்து இருந்தபிறகு அந்தப் பைத்தியம் என் தலையிலும் விடிந்தது.

சண்டைக் காலத்தில் வெளியூர்க் கலைஞர்களைக் கூப்பிட முடியாது. கடற்படையின் பாஸ் வேண்டும், பொழுது படுமுன் எல்லாம் அடங்கவேண்டும். ஊரில் மிஞ்சியிருந்த ஒரு தவிலையும் ஒரு நாதஸ்வரத்தையும் வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே அண்ணன் ஒப்பேற்றினார். சண்டை நின்று பாதை திறந்தவுடன் யாழ்ப்பாணம் போய்ப் பெரிய கோஷ்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தார். இவ்வளவு காலம் காத்திருந்த மனிதனை அந்த வருடமே நோய் பிடித்தது. நெஞ்செல்லாம் பழுதாகிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று பெரியாஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

பூங்காவனத்துக்கு முதல்நாள் காலை, மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்னை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"அங்க என்ன செய்யப்போகினம் அண்ணை? பெரியாஸ்பத்திரியிலயே ஏலாது எண்டிட்டினம்."

"வைத்தியத்துக்கில்லை. நான் இஞ்ச கண்ணை மூடினா கோயிலைப் பூட்டிப்போடுவினம்."

அவர் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை கோயில் கதவு திறக்காது, மேளமும் அடிக்க மாட்டார்கள். வெளியில் செத்தாலும் செய்தி வந்தால் அதே கதைதான், ஆனால் கடலுக்கு அப்பால் என்றால் செய்தியைப் பிந்தவைக்கலாம். கச்சேரியைத் தானே கெடுத்துவிடுவோமோ என்பதுதான் அவருக்குப் பயம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாகிறதுக்கும் நீங்கள் திருவிழா பாக்கவேணுமோ? சொந்த வீட்டில கிடவுங்கோவன்."

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். அந்தப் பிடிவாதத்தோடு என்னால் ஒருநாளும் முட்ட முடிந்ததில்லை. சாய்மனைக் கதிரையோடு தூக்கி வள்ளத்தில் ஏற்றினோம்.

ஊர்காவற்றுறைத் துறையில் இறங்கும்போது, எங்களைக் கொண்டுவந்த அதே வள்ளத்தில் ஏறுவதற்கு அவர் சொல்லிவைத்த யாழ்ப்பாணத்து மேளகாரர் நின்றார்கள். தவில்களுக்குச் சீலை சுற்றியிருந்தது. அண்ணன் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "சாப்பாடு பக்கத்து வீட்டில ஒழுங்கு செய்திருக்கு. இவளின்ர கைப்பக்குவம் வராது, கோவிக்காதேங்கோ" என்றார். இத்தனை வருடத்தில் என் சமையலை அவர் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒருதரம்தான்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மூச்சு அடங்கியது. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஊருக்கு அறிவிக்கவில்லையா என்று நேர்ஸ் பிள்ளை கேட்டாள். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பின்னேர வள்ளம் புறப்படுமுன் வள்ளக்காரர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். கோயிலில் எல்லாரும் அண்ணனை விசாரித்தார்களாம்.

"அக்கா, அண்ணை எப்பிடி?"

"பாதகமில்லை. இண்டைக்கு ராக் கச்சேரியை வடிவாச் செய்யச் சொல்லுங்கோ. காலமை வெள்ளன வள்ளத்தைக் கொண்டு வாங்கோ."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பக்கத்து வார்டில் எங்கள் ஊர்ச் சனம் இரண்டு மூன்று பேர் நோயாளிகளைப் பார்க்க வந்திருந்தார்கள், அவர்களும் அதே வள்ளத்தில் திரும்புகிறவர்கள். நான் வாய்விட்டு அழுதால் அந்தச் சத்தம் அவர்களோடு ஊருக்குப் போய்விடும். சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளி விறாந்தையில் குந்தினேன். சின்னவயது முதல் கூட இருந்த மனிதர் உள்ளே செத்துக் கிடக்கிறார், அழுவதற்கு, ஊரில் மேளம் அடித்து முடியட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.