சேர்மன் ஜீப்பின் பின்கண்ணாடி

செந்துறை பஸ் நிற்கும் இடத்தில், புளியமரத்தடியில், ஒரு வாளித் தண்ணீர், ஒரு பலகை, ஒரு டப்பா வெள்ளைப் பல்பொடி, ஒரு சீசா தேங்காய் எண்ணெய், கொஞ்சம் நைந்த வேட்டித் துணி. மாயவனின் தொழிற்சாலை இவ்வளவுதான். அரியலூர்ப் பக்கம் எழுந்துகொண்டிருந்த சிமெண்ட் ஆலைகளுக்குப் புகைபோக்கி இருந்தது. இவருக்குப் பீடி இருந்தது. மற்றபடி தொழில் தொழில்தான்.

மங்கிப்போன பிளாஸ்டிக்கைத் தெளிய வைப்பது அவர் வேலை. வண்டிகளின் முன்விளக்கு அந்தக் காலத்தில் கண்ணாடி. சாம்பல் போட்டுத் தேய்த்தாலே பளிச்சென்று ஆகிவிடும். பிளாஸ்டிக் அப்படியல்ல. ஸ்கூட்டர்க்காரர்கள் முன்னால் மாட்டிக்கொள்ளும் காற்றுத் தடுப்பு, மோட்டார் சைக்கிள் மீட்டரின் மூடி, லாரிகளின் சிவப்புப் பின்விளக்கு எல்லாம் கீறலுக்கென்றே பிறந்தவை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஊர் நடுவே போகப் போக வெள்ளைத் தூசி படியும். படிந்த தூசியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் காய்ந்த துணியால் துடைத்தால் அத்தனையும் கீறல். தாலுகாவின் டிரைவர்கள் அனைவரும் தினமும் காலையில் சாமி கும்பிட்ட கையோடு தோள் துண்டை எடுத்து, பக்தி சிரத்தையாக அப்படித்தான் துடைத்தார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் மாயவன் வீட்டில் உலை கொதித்தது.

திருச்சியில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் எடுபிடியாக இருந்து கற்ற வித்தை. முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு தண்ணீரில் நனைத்த உப்புத்தாள், ஒரு தடவை நெட்டுக்கு, மறு தடவை குறுக்கே. இந்தக் கட்டத்தில் பிளாஸ்டிக் முன்பைவிட மோசமாகிப் பால்போல் வெளுத்துவிடும். வண்டிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "பொறுங்க, கெட்டாத்தான் தெளியும்" என்பார் மாயவன். அதன்பின் பல்பொடியும் எண்ணெயும் குழைத்த பசை. கடைசியாக வாயால் ஆவி ஊதி, வேட்டித் துணியால் ஒரு துடைப்பு. அப்போது அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் மீசையில் நரை எத்தனை என்றுகூடத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரே ஒரு குறை. எண்ணெய்ப் பசை தடவி வைத்த நேரம் பார்த்து ஒரு கல் லாரி போகும். தூசி வந்து பசைமேல் உட்காரும். மறுபடியும் முதலிலிருந்து. ஒரு வேலையை இரண்டு தரம் செய்து ஒரு தரக் கூலி வாங்கிக்கொண்டிருந்தார். நாலு சுவரும் ஒரு கதவும் இருந்தால் போதும். அதற்குத் தோதாக எண்பத்தேழாம் வருஷம் பஞ்சாயத்து யூனியனிலிருந்து பஸ் நிற்கும் இடத்தில் வரிசையாகக் கடைகள் கட்டினார்கள். கோடிக் கடைக்கு இரண்டு பக்கமும் சுவர், காற்றுக்கு முதுகு காட்டிய வாசல். மாயவன் தினமும் அதன் எதிரே நின்று பீடி குடித்தார். கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணைப் பார்ப்பது மாதிரி.

"அது நமக்கு வராது. வராத கடைய எதுக்குப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் மனைவி பூமாலை.

"பாக்கறதுக்குக் காசா கேக்கறாங்க?"

"கேப்பாங்க. இரு."

கடையின் சாவி சேர்மன் சிங்காரவேலுவின் மடியில் இருந்தது. யூனியன் சேர்மன். முந்தின வருஷத் தேர்தலில் ஜெயித்திருந்தார். ஆனால் அதற்கு முன்னால் தேர்தலே நடக்காத பத்து வருஷமும் ஊர் அவரைச் சேர்மன் என்றுதான் அழைத்தது, ஆகையால் தேர்தலை ஒரு சம்பிரதாயமாகவே கருதினார். அவரிடம் ரெக்சின் கூரை போட்ட ஜீப் ஒன்று இருந்தது. பக்கங்களிலும் பின்னாலும் பிளாஸ்டிக் சன்னல்கள். டிரைவர் குழந்தைவேல் வருஷக்கணக்காகக் காய்ந்த துண்டால் துடைத்துத் துடைத்து அவற்றை முற்றிய கண்புரையாக ஆக்கி வைத்திருந்தான். அதனால் நாட்டில் ஒரு பெரும் குழப்பம் நிலவியது.

ஜீப் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழ வேண்டும், தோள் துண்டைக் கையில் எடுக்க வேண்டும். இது வழக்கம். ஆனால் உள்ளே சேர்மன் இருக்கிறாரா, வெறும் குழந்தைவேல்தானா என்பது வெளியே தெரியாது. சிலர் காலி ஜீப்புக்கு எழுந்து நின்று அவமானப்பட்டார்கள். சிலர் ஆள் இருக்கும் ஜீப்புக்கு உட்கார்ந்தே இருந்துவிட்டுப் பிறகு வருந்தும்படி ஆனது. இரண்டு தரப்பிலும் மனக்கசப்பு. ஒருநாள் சேர்மனே ஜீப்பைப் புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார்.

"டேய் மாயவா. நான் உள்ளாற இருக்கேன்னு தெரியாமத்தான் பயலுவ எந்திரிக்க மாட்டேங்கறானுவளாம். மூஞ்சி தெரியணும்டா. முடியுமா?"

மாயவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. "முடியுங்க ஐயா" என்றார், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"தெரிய வச்சிட்டா கோடிக் கடை ஒனக்குத்தான்."

அன்றிலிருந்து மாயவன் வேறு வேலை தொடவில்லை. சன்னல்களைக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பலகையில் விரித்தார். ஜீப்பின் பிளாஸ்டிக் வளைகிற ஜாதி. அழுத்தினால் சுருங்கும், விட்டால் கீறல் போகாது. கைவிரல் நுனியால் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் தேய்த்தார். வீட்டில் பல் விளக்கப் பொடியில்லாமல் எல்லாரும் கரியால் விளக்கினார்கள்.

திரும்ப மாட்டிய அன்று, சேர்மன் வீட்டு வாசலில் ஒரு சிறு சடங்கு நடந்தது. மாயவன் கடைசி ஆவி ஊதித் துடைத்து விலகினார். சேர்மனின் மனைவி ராசாத்தி அம்மாள் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து சன்னல்களில் தெளித்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. காலனி ஆளின் வாய்க்காற்று பட்ட இடம். மஞ்சள் திட்டுத் திட்டாக நின்றது. "வேலை கெட்டுப்போச்சே" என்று மாயவன் பதறித் துடைத்தார். துடைத்தவர் மாயவன் என்பதால் அம்மாள் மறுபடி தெளிக்க வேண்டியதாயிற்று. மாயவன் மறுபடி துடைத்தார். சாயங்காலம்வரை இது நடந்திருக்கும். குழந்தைவேல் இடையில் புகுந்து, "நீ தள்ளு, நான் தொடைக்கிறேன்" என்றான், தோள் துண்டை உருவியபடி.

"ஈரமாத் தொடைப்பா, உன் கால்ல வேணா விழறேன்" என்றார் மாயவன்.

சன்னல் அபாரம். சேர்மன் உள்ளே உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தார். ஊர் எழுந்து நின்றது. உள்ளிருந்து தலையசைத்ததும் வெளியே தெரிந்தது. கடைச் சாவியை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். புதிதாக வரப்போகும் ஓர் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்ட, அக்கம்பக்கத்து நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டு அலைந்த ஏஜெண்டின் பெயர் வேணுகோபால். "ஒரு கூடை மண்ணு குடுக்க மாட்டோம்! அந்த வேணுகோபால் ஊருக்குள்ள வந்தா காலு இருக்காது!" என்று கூட்டம் போட்டு முழங்கியவர் சேர்மன். நிலம் வைத்திருந்த சம்சாரிகள் கைதட்டினார்கள். யாரும் விற்பதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள். கடை வருகிறதே என்று உப்புத்தாள் வாங்க மாயவன் அரியலூர் பஸ் ஏறினார். சந்தைக்குப் போகிற சம்சாரிகளும் பஸ்ஸில் இருந்தார்கள். டிரைவருக்குப் பின்னால் மாட்டுத் தரகர் பஞ்சநாதன் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூர் வரைக்கும் எந்தச் சந்தையில் எந்த மாடு கைமாறினாலும் அவர் துண்டுக்குள் கைவைக்காமல் மாறாது. வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பஸ் நின்றது. அதற்கு முன்னால், கேட்டை ஒட்டி, சேர்மனின் ஜீப்.

மாயவனின் நெஞ்சு விம்மியது. தன் பின்கண்ணாடி வெயிலில் ஆற்றுத் தண்ணீர்போல நிற்பதைப் பார்த்தார். தொழில் செய்கிறவனுக்கு வருகிற வியாதி அவருக்கும் வந்தது.

"தரகரய்யா, அந்தக் கண்ணாடியப் பாருங்க. நம்ம வேலை! உள்ள ஆளு தெரியுறாங்களா சொல்லுங்க!"

பஞ்சநாதன் எட்டிப் பார்த்தார். நன்றாகவே தெரிந்தார்கள். பின் இருக்கைகளில் எதிரும் புதிருமாக இரண்டு பேர். ஒருவர் சேர்மன். அந்த ஜீப்பின் பின்பக்கத்தில் உட்கார்ந்தால் ஈ எறும்புக்கும் தெரியாது என்பது அவருக்குப் பல வருஷப் பழக்கம். சன்னலைத் தெளிய வைக்கத் தெரிந்ததே தவிர, பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. இன்னொருவர் வேணுகோபால். கால் இரண்டும் இருந்தன.

இருவர் கைகளின் மேலும் ஒரு துண்டு கிடந்தது. துண்டு அசைந்தது.

"என்னாங்க, துண்டப் போத்திக்கிட்டு?" என்றார் பின் இருக்கைக்காரர் ஒருவர்.

"வெல பேசறாங்க" என்றார் பஞ்சநாதன், துண்டின் அசைவிலேயே விரல்களை எண்ணிக்கொண்டு, தொழில்காரன் தொழிலைப் பார்க்கிற அமைதியோடு. "மூணு வெரலப் புடிச்சான். சேர்மன் ஒதறுறாரு, பத்தல. தோ... நாலு. மடக்கிட்டாரு பாரு. முடிஞ்சுது யாவாரம்."

"சீப்புக்குள்ள மாடு எங்கய்யா இருக்கு?"

பஞ்சநாதன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "இந்தா, பஸ்ஸுக்குள்ள ஒக்காந்திருக்கே."

 பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து முண்டியடித்துப் பார்த்தார்கள். சேர்மன் ஏதோ உறுத்தித் திரும்பினார். பஸ் முழுக்க முகங்கள். அவற்றின் நடுவே, இன்னும் சிரிப்பு அடங்காத மாயவனின் முகம். இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தால் அந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும். பல்பொடிக்குப் பட்சபாதம் கிடையாது.

அதற்குப்பின் சம்சாரிகள் பொங்கி எழுந்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்களாக இருக்க முடியாது. கூட்டம் கூடியது உண்மை. "மச்சான் வூட்டு எருதுக்கு வெல கேட்டேன். அந்த வேணுகோபால் மாடு வாங்கக் கூடாதா?" என்றார் சேர்மன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கொரு பாதையில், வேணுகோபால் தங்கியிருந்த வீட்டுக்குப் போனார்கள். சேர்மனுக்கு நாலு விரல் என்றால் நமக்கு மூன்றாவது படியாதா என்ற கவலை. திரும்பும்போது பாதையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஆடு தேடி வந்தேன்" என்றார்கள். அந்த மாதம் செந்துறைச் சுற்றுவட்டாரத்தில் காணாமல்போன ஆடுகளுக்குக் கணக்கே இல்லை. சூடம் அணைத்த கையெல்லாம் பத்திரத்தில் ரேகை வைத்தது.

கடைசியில் ஊருக்குக் குற்றவாளி என்று ஒருவர் தேவைப்பட்டார். அது மாயவன்தான் என்பதில் விற்றவர்களுக்கும் விலை பேசியவருக்கும் கருத்து வேறுபாடு எழவில்லை. "அவன் சும்மா இருந்தா நமக்கு எதுக்குத் தெரியப்போவுது? தெரிஞ்சதாலதானே வித்தோம்" என்றார்கள். ஸ்கூட்டர்க்காரர்கள் புளியமரத்தடியைத் தாண்டி ஓட்டினார்கள். வெள்ளிக்கிழமை சாவி வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் ஜீப் வந்து நின்றது. சேர்மன் இறங்கவில்லை.

"பழையபடி ஆக்குடா."

மாயவனுக்கு முதலில் விளங்கவில்லை. "எதைங்க ஐயா?"

"கண்ணாடிய. எனக்கு வெளிய தெரியணும். வெளிய இருக்கறவனுக்கு நான் தெரியக் கூடாது."

"அப்படி ஒரு பக்கமா மங்காதுங்க. மங்குனா ரெண்டு பக்கமும் மங்கும்."

சேர்மன் யோசித்தார். "மங்கட்டும். சாவி இந்தா இருக்கு" என்று மடியைத் தட்டினார்.

மாயவன் வீட்டுக்குப் போய் வந்து சொல்கிறேன் என்றார். வீட்டில் பூமாலை அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். "தெளிய வச்சு என்னத்தக் கண்ட? போயி மங்க வையி" என்றாள்.

அவர் வாளியைத் தொடவில்லை. ரோட்டோரத்தில் லாரியிலிருந்து சிந்திக் கிடந்த சுண்ணாம்புத் தூளை ஒரு கை அள்ளினார். காய்ந்த சாக்குத் துண்டை எடுத்தார். வாழ்நாள் முழுக்க டிரைவர்களிடம் எதைச் செய்யாதே என்று கெஞ்சினாரோ அதைச் செய்தார். தன் உள்ளங்கைக்குக் கீழே கீறல் விழுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. வேலை சீக்கிரம் முடிந்தது. கெடுப்பதற்குப் பல்பொடி தேவையில்லை, பொறுமையும் தேவையில்லை.

ராசாத்தி அம்மாள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இந்தத் தடவை திட்டு தெரியவில்லை. மாயவனும் துடைக்கவில்லை.

கோடிக் கடை கிடைத்தது. சேர்மனே வந்து திறந்துவைத்து, உழைப்பாளிகளின் முன்னேற்றம் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். செய்தி பரவியது. அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கமிருந்தெல்லாம் ஜீப்புகள் வர ஆரம்பித்தன. எல்லாருக்கும் ஒரே வேலை: "சேர்மன் வண்டி மாதிரி பண்ணிடுப்பா." தெளிய வைத்தபோது பேரம் பேசியவர்கள் இதற்குப் பேரம் பேசவில்லை. தூசி படாத நாலு சுவருக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, வெளியிலிருந்து அள்ளி வந்த தூசியை மாயவன் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சேர்மன் வீட்டிலிருந்து ஒரு புது உத்தரவும் பிறந்தது: ஜீப் போனால் எழுந்து நிற்க வேண்டும், உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பழைய குழப்பம் அதோடு தீர்ந்தது.

ஒருநாள் டீக்கடையில் குழந்தைவேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாயவன் தனக்கென்று வைத்திருந்த தகரக் குவளையோடு ஓரமாகக் குந்தியிருந்தார். "ஏம்ப்பா, நேத்து நான் போறப்ப எந்திரிச்சு நின்னியே. உள்ள என்னா இருந்துச்சு தெரியுமா? தவுட்டு மூட்டை" என்றான் குழந்தைவேல். "ஐயா கார் வாங்கிட்டாரு. சீப்பு இப்ப மாட்டுக்குத் தீனி ஏத்தத்தான். நீ பாட்டுக்கு ஒக்காந்திரு."

"சரிப்பா" என்றார் மாயவன்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. மாயவன் கடை வாசலுக்கு வந்து உற்றுப் பார்த்தார். தன் கையால் மங்க வைத்த கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ ஒன்று கனமாக, அசையாமல் இருந்தது. மூட்டையாகவும் இருக்கலாம், சேர்மனாகவும் இருக்கலாம். அவர் வேலை அவ்வளவு சுத்தம்.

துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.