நான் வெட்டிய சரியான விடை

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்த நான், தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்து வந்த ஆங்கிலேயர் ஊரான மோர்டனில் பெற்றோல் நிலையக் காசாளன். சிவப்புப் பேனை மட்டும் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை.

வீட்டுப்பாடக் கொப்பியில் ‘எடியூடெயின்மென்ட்’ என்ற சொல்லை மகள் நான்கு அசைகளாகப் பிரித்திருந்தாள். கல்வியையும் கேளிக்கையையும் ஒட்டிச் செய்த சொல், ஆகவே இரண்டு துண்டுதான் என்று அவள் விடையை வெட்டி எழுதினேன்.

“அசையைத்தான் கேட்டவை, அப்பா.”

“எனக்கே படிப்பிக்கிறியோ?”

ஆசிரியை பிழை போட்டார். மகளையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன். அவர் கொப்பியை விரித்து, “முதலில் எழுதியதுதான் சரி. யார் வெட்டியது?” என்று கேட்டார்.

சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனையைக் கையால் மறைத்தேன்.

“நான்தான், மிஸ்” என்றாள் மகள்.

வெளியே வந்ததும், “இனி என்ரை கொப்பியைத் தொடாதேங்கோ” என்றாள். பல்கலைக்கழகம் முடிக்கும்வரை தொடவிடவேயில்லை.

அவள் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் நான் இன்னும் திருத்தவில்லை.