பார்த்துப் பழக வந்தவர்கள்

அந்த வருடம் மழை விட்ட பிறகு திருச்சிப் பக்கத்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள். கடல் தாண்டி இலங்கைக்கு வந்து, பண்டாரவளை வரைக்கும் ரயிலில் ஏறி, அங்கிருந்து மூட்டை முடிச்சோடு நடந்து வந்தவர்கள். கால் வீக்கம் வற்றுமுன்னே பெண்களைப் பெரட்டுக்கு வரச் சொல்லிவிட்டார் கங்காணி. விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் அந்த இடத்தில் என்னைத் தனியே கூப்பிட்டு, இவர்களுக்குக் கொழுந்து எடுக்கக் கற்றுக்கொடு என்றார். ஏன் என்னை என்று நான் கேட்கவில்லை. போன தடவையும் நான்தான் காட்டினேன்.

முதலில் வாயால் சொல்லிப் பார்த்தேன். அவர்களுடையது வயலில் நாற்றுப் பறித்த கை. கொழுந்தையும் அப்படியே பிடித்து இழுத்தார்கள். தண்டு நார் நாராகக் கிழிந்து வந்தது. இழுக்காதே, ஒடி என்றால் கிளையையே ஒடித்தார்கள். அதற்கு மேல் பேசத் தெம்பில்லை. செடிக்கு அந்தப் பக்கம் அவர்களை நிற்கவைத்து, இந்தப் பக்கம் நான் நின்று செய்து காட்டினேன். தன்னால் ஓடிப் பழகிய கையை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது இருக்கிறதே, அது வேலையைவிடப் பெரிய பாடு. மத்தியானத்துக்குள் நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய அசதி வந்துவிடும்.

எனக்கு வலது தோள் சரியில்லை. போன தடவைக்குப் பிறகு, நாங்கள் குடியிருக்கும் லயத்துப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அது மேலே எழும்பாது. அதனால் கழுத்தை வலப்பக்கம் சாய்த்து, இரண்டு கைக் கொழுந்தையும் இடது தோளுக்கு மேலாகவே முதுகுக் கூடையில் போடுவேன். அது பழகிப்போய், அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்கு நினைவில் இல்லை.

சில நாள் கழித்துக் கங்காணி மலைக்கு வந்தார். புதுப் பெண்கள் எல்லோரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரே நின்று பார்த்ததால் சிலர் வலப்பக்கம், சிலர் இடப்பக்கம். பாதிக் கொழுந்து கூடைக்கு வெளியே கிடந்தது.

"என்னம்மா இது, எல்லாருக்கும் ஒண்ணா கழுத்துப் பிடிச்சிருக்கா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒழுங்காகக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பொழுது சாயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை நேராகத் தூக்கிப் போட்டுக் காட்டினேன். லயத்துக்குத் திரும்பியபோது தண்ணீர்க் குடத்தைக் கூட நகர்த்த முடியவில்லை. என் வீட்டுக்காரர் அடுப்பை மூட்டி ரொட்டி சுட்டார்.

மறுநாள் காலையில், வந்தவர்களில் ஒருத்தி எனக்கு எதிரே நிற்காமல் பக்கத்தில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும், நல்ல உயரம். மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"அக்கா, ஒங்க தோள்ல நோவு இருக்கு. இவங்க அதையும் வேலைன்னு நெனச்சுக்கிட்டாங்க. நீங்க கிள்ளிக் காட்டுங்க, கூடையில போடுறத நான் காட்டுறேன்."

நான் சரி என்றேன். இவர்கள் வந்து இத்தனை நாளில் என் கையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். வலியைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

இருவரும் பக்கம் பக்கமாக நின்றோம். என் விரலைப் பார்த்துக் கிள்ளினார்கள், அவள் தோளைப் பார்த்துப் போட்டார்கள். மெல்ல மெல்லக் கழுத்துகள் நிமிர்ந்தன. ஒருத்திக்கு மட்டும் அது போகவே இல்லை. பிறகு தெமோதரைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போகும்வரை சாய்ந்த கழுத்தோடுதான் கொழுந்து எடுத்தாள்.

அடுத்த கூட்டம் வந்தபோது, நானே காட்டுகிறேன் என்று உயரமானவள் கங்காணியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் கீழ் மலையில் என் நிரைக்கு, எனக்கென்று ஒதுக்கிய செடி வரிசைக்குப் போனேன். வேலை குறையவில்லை, வலியும் குறையவில்லை. ஆனால் கையை அதன் போக்கில் விட முடிந்தது.