இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பதினொரு அறைகள்

வடக்கிலிருந்து வந்த ரயில் பாதை அகலமானது. மலைக்குப் போனது குறுகலானது. இரண்டையும் அந்தக் காலத்தில் வெவ்வேறு கம்பெனிகள் போட்டன. ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. ஆகவே எல்லோரும் இந்த ஊரில் இறங்கி வண்டி மாறவேண்டும். வடக்கு வண்டி சாயங்காலம் வரும். மலை வண்டி மறுநாள் காலையில்தான் புறப்படும். அந்த இடைவெளியை நம்பித்தான் விடுதிக்காரம்மாவின் மாமனார் பதினொரு அறைகள் கட்டினார்.

கணவர் இறந்தபின் விடுதி அம்மாவின் கைக்கு வந்தது. தலையணை உறை மாற்றாமல் அவர் யாரையும் படுக்கவிட்டதில்லை. எஞ்சின் புகை வரும் அறையைக் கைக்குழந்தைக்காரர்களுக்குத் தரமாட்டார். வருகிறவர் எங்கே போகிறார், எதற்காக என்பதையும் ஏட்டில் எழுதிவைப்பார். திரும்பும்போது போன காரியம் என்னவாயிற்று என்று கேட்டு அதையும் சேர்ப்பார்.

அவருடைய ஐம்பத்திரண்டாம் வயதில், மலைப்பாதையை அகலமாக்குவது அவசியம்தானா என்று விசாரிக்க ரயில்வே அதிகாரி ஒருவர் வந்தார். வண்டி மாறுவதில் யாருக்கும் பெரிய சிரமமில்லை என்பது மேலிடத்தின் எண்ணம். அம்மாவின் ஏட்டைப் பார்க்கவேண்டும் என்றார் அவர்.

கூடவே இருந்து விடுதியைக் கவனித்த தம்பி அம்மாவை உள்ளே அழைத்துப் போனார். ஏட்டைக் கரையான் அரித்துவிட்டதாகச் சொல்லிவிடும்படி கெஞ்சினார். "நீயே நம்ம அடிமடியில கை வைக்கலாமாக்கா?"

"நம்ம விடுதி பிடிச்சுப்போயா வந்தாங்க? வேற வழியில்லாம படுத்தவங்கடா" என்றார் அம்மா.

அதிகாரியின் முன் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். வடக்கு வண்டி ஓர் இரவு முழுக்கத் தாமதமாகி, மலை வண்டியைத் தவறவிட்டுப் பரீட்சை எழுத முடியாமல் திரும்பிய மாணவி. பிரசவத்துக்குப் போகும் வழியில் நான்காம் அறையிலேயே பெற்றெடுத்தவள். அப்பா சாவுக்குப் போனவர். அவர் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பாதை மாறிட்டா இங்க யாரும் தங்க மாட்டாங்க. தெரியுமில்லம்மா?"

"தெரியுங்க. அடுத்த பக்கம் படிக்கட்டுமா?"

பாதை மாற ஒன்பது வருடங்கள் ஆயின. மலைக்கு நேராகப் போகும் வண்டி இந்த ஊரில் இரண்டு நிமிடம் நின்றது. நான்கு அறைகளை ஆசிரியைகளுக்கு மாத வாடகைக்கு விட்டு, மற்றவற்றை அம்மா பூட்டினார். எஞ்சினில் அக்கா பேரை எழுதாமல் விட்டுவிட்டார்களே என்று தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குத்திக் காட்டினார்.

தம்பியின் மகளை மலையில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. ஒருநாள் காலையில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் அந்த நேர் வண்டியில் கிளம்பி, பேரனைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே திரும்பினார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று மட்டும் அம்மா கேட்டார்.