அருளண்ணையின் காலைப் பூ

போன் திருத்தும் தொழிலில் உடைந்த கண்ணாடியை மாற்றுவது சுலபம். சொந்தக்காரர் அந்தப் போனை எதற்கு வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். போனோடு வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்கிற அபூர்வப் பிறவி நான். லண்டன் டூட்டிங்கில் என் கடைக்கு வருகிறவர்கள் செய்யும் எதுவும் அதில் இல்லை. கடை வைத்திருக்கும் சக பாவிகளுக்கு இது விளங்கும்.

தோசைக்கல்

ராணி அக்கா ஒரு மாலை, திரை இருண்ட போனோடு ஓடி வந்தார். கணவர் எங்கே நிற்கிறார் என்று காட்டும் வரைபடம் உடனே தெரிய வேண்டுமாம். அடுத்தவர் குடும்பத்தில் தலையிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, “அண்ணையிலை சந்தேகமோ அக்கா?” என்று தலையிட்டேன்.

“அந்த மனுசன் எங்கை போனா எனக்கென்ன? பஸ் ஸ்டேஷனைத் தாண்டேக்கைதான் நான் தோசைக்கல்லை அடுப்பிலை வைக்கிறது!”

ஒருவரும் பார்க்காத பூ

அருளண்ணை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கத்திலுள்ள கோலியர்ஸ் வுட்டில் தனியாக இருக்கிறார். விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பூப் படத்தோடு காலை வணக்கம் போடுவார். உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். நீங்களும் பதில் போட்டிருக்க மாட்டீர்கள். சார்ஜ் ஏறாத போனைக் கொண்டுவந்தவரிடம், “நாளைக்குத்தான் தர ஏலும். காலமை பூப் போட ஏலாதே, அண்ணை?” என்றேன்.

“போடாட்டி ஆருக்குத் தெரியப்போகுது, தம்பி? கிங்ஸ்பரியிலை இருக்கிற என்ர மகளே ஒருநாளும் பதில் போட்டதில்லை.”

வராத பூ

மறுநாள் வேலையை முடித்துப் போனை ஆன் பண்ணினேன், பண்ணியதும் அடித்தது. அந்த மகள்தான். என் குரலைக் கேட்டதும் அலறினார்: “ஆர் நீங்கள்? அப்பா எங்கை? வீட்டு வாசல்லை நிக்கிறன், கதவு திறக்கிறாரில்லை!”

நான் யார் என்று சொல்ல முடிந்தது. அண்ணை எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. தனியாக இருக்கிற மனிதர். ஆம்புலன்சைக் கூப்பிடவா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கடைக் கதவு திறந்தது. மீன் ரோல் பையோடு அருளண்ணை! போன மூச்சு திரும்பி வந்தது.

போனை நீட்டினேன். மகள் அழுதுகொண்டே கத்தியது எனக்கும் கேட்டது: “பூவை ஆரப்பா பாத்தது? நீங்கள் எழும்பிட்டியளோ எண்டுதான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்!”

அண்ணை போனைக் கையால் பொத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

“பூ வடிவில்லையாக்கும் எண்டு நான் இவ்வளவு நாளும் படத்தை மாத்தி மாத்தியல்லோ போட்டனான், தம்பி!”

இப்போதெல்லாம் ஒரு போனைக் கழற்றுமுன் பாஸ்வேர்டோடு சேர்த்து, ‘காலமையிலை பூப் போடுற ஆளோ?’ என்றும் கேட்டு, ஓம் என்றால் கடைப் போன் ஒன்றை இரவல் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.