பார்க்க வந்தவர்

புதன்கிழமை காலை 9.10. ஊழியப் பயணமாக மதுரையில் இலங்கை விமானம் ஏறினோம். எங்கள் சபையிலிருந்து ஐந்து பேர். மற்ற நால்வரும் இரண்டு ஜோடிகள், நான் உபரி. ஐம்பத்திரண்டு வயதுவரை கல்யாணம் செய்யாமல் இருந்தால் கிடைக்கும் ஒரே சலுகை, ஜன்னலோர இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கண்டிக்கு வேனில் நான்கு மணி நேரம். ஜோடிகளைக் கண்டியிலேயே ஆலயத்துக்கு வெள்ளையடிக்க நிறுத்திக்கொண்டார்கள். என்னை ஹேவாஹெட்ட பக்கமுள்ள பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை 7.30க்கு மணிக்கூட்டுக் கோபுரத்தருகே பஸ். முப்பது கிலோமீட்டர் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. தலாத்துஓயா தாண்டியதும் வளைவுக்கு வளைவு பக்கத்தில் இருந்தவர் என் மேல் சாய்ந்தார். அந்தப் பயணத்தில் என்னை அவ்வளவு நெருங்கியவர் அவர் ஒருவர்தான். இறங்கும்போது பெயர்கூடச் சொல்லவில்லை.

வியாழன் மாலை 4 மணி. பதினேழு பிள்ளைகள் முன்னால் என் பொம்மலாட்டம். பைபிளில் வாய் திறந்து பேசுகிற பிலேயாமின் கழுதையை நானே தைத்துக் கொண்டுபோயிருந்தேன். அது வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அங்கிள், இப்ப கழுத படுக்கணும்." போன குழுவும் இதே கழுதையைத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் கழுதைக்கு வால் இருந்ததாம்.

குரலுக்குரியவள் சங்கீதா. வயது ஒன்பது. அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். அப்பாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு அங்கே பார்க்க வருகிற நாள். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள். ஹாலில் எதிரெதிரே இரண்டு கதிரை போட்டு உட்காரவைப்பார்கள். (நாற்காலியைக் கதிரை என்பதையும், 'சார்' அங்கே 'சேர்' என்பதையும் அங்கேதான் கற்றேன்.) சங்கீதாவின் எதிர்க் கதிரை எப்போதும் காலி.

சனிக்கிழமை பாத்திரம் கழுவும்போது கேட்டாள்.

"நாளைக்கி ஒங்களுக்கு வேல இருக்கா அங்கிள்?"

"கழுதைக்கு வால் தைக்கணும்."

"அப்ப என்னையப் பாக்க வாங்களேன்."

"இங்கதானே இருக்கேன்?"

"கேட்டுக்கு வெளிய போயிட்டு வரணும். அப்பத்தான் பாக்க வந்த மாதிரி."

ஞாயிறு காலை 10.40. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டுடன் வெளியே போய்த் தோட்டத்துச் சனங்களோடு வரிசையில் நின்றேன். பெண் பார்க்கப் போன நாளில்கூட இவ்வளவு வேர்த்ததில்லை. வாசல் மேசையில் பதிவுப் புத்தகத்துடன் ரூத் அக்கா, இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளையின் பெயர் சொன்னேன். உறவு என்ன என்று கேட்டார்.

"தங்கராஜ், மாமான்னு போடுங்க."

அக்கா பேனாவை வைத்துவிட்டார். "நீங்க செவ்வாக்கெழம போயிருவீங்க சேர். அடுத்த மாசம் அந்தக் கதிரையில யார ஒக்கார வைக்கிறது?" போன வருடம் இப்படித்தான் ஒரு பெண் வந்து சங்கீதாவுக்குச் சித்தியாக உட்கார்ந்துவிட்டுப் போனாராம். அதன்பின் நான்கு மாதம், பார்க்க வருகிற நாளெல்லாம், இவள் கேட் பக்கத்திலேயே நின்றாளாம்.

பெயர் பதியாமலே வாசலைத் தாண்டினேன்.

உள்ளே சங்கீதா தலைவாரி, ரிப்பன் கட்டி, கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்காராமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் மாமா இல்லை, செவ்வாய்க்கிழமை போய்விடுவேன், மறுபடி வருவேனா என்பது எனக்கே தெரியாது என்றேன். ரிப்பனை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

"ஒங்க ஊர்ல ஒங்களப் பாக்க யாரு வருவாங்க?"

"கேஸ் சிலிண்டர்காரர். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா."

பதினேழு பிள்ளைகளில் என் பேச்சுக்குச் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுக்கணும், தட்டைப் பிடிங்க என்றாள். கதிரை கதிரையாகப் போனோம். அவள் கொடுக்க, நான் தட்டைப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். அம்மாக்கள் பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டே கோப்பையை வாங்கினார்கள். பிஸ்கட்டையும் எல்லாருக்கும் கொடுத்து முடித்தோம். கடைசியில் இரண்டு கோப்பை மிஞ்சின. பாத்திரம் கழுவுகிற குசினிப் படியில் உட்கார்ந்து குடித்தோம்.

செவ்வாய் காலை 6.15. வெளியேறுகிறவர் கையெழுத்தும் அதே புத்தகத்தில்தான். பக்கம் தேடிப் புரட்டியபோது ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் கடைசி வரி, பென்சிலில்:

பிள்ளையின் பெயர்: தங்கராஜ் அங்கிள். பார்க்க வந்தவர்: சங்கீதா. உறவு: தெரிஞ்சவங்க. வந்த நேரம்: 11.20.

ரூத் அக்காவைப் பார்த்தேன். "நானும் பாத்தேன் சேர். அழிக்கல" என்றார்.

போன நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. பேனா என் கையில்தான் இருந்தது. வேறு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.