சாமிக்கு இறங்கிய கூடை

வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடிப் பல்கனிக் கயிற்றில் எந்நேரமும் பாண் வாசமும் மீன் வாசமும் கலந்து அடிக்கும். படியிறங்கப் பஞ்சிப்பட்ட நாங்கள், அந்தக் கயிற்றில் கூடையை இறக்கித்தான் பாண்காரரிடமும் மீன்காரரிடமும் சாமான் வாங்கினோம்.

ஒரு வருடம், திருவிழாவில் சுவாமி எங்கள் ஒழுங்கைக்கு வரும் நாளில், அம்மாவின் கால் பிளாஸ்டரில் இருந்தது. குழந்தையாக இருந்த அக்கா கடுங்காய்ச்சலில் பிழைத்ததிலிருந்து, ஒரு வருடமும் தவறாமல் வாசலில் நின்று அர்ச்சனை செய்தவர் அவர். தட்டைத் தான் கொண்டுபோவதாக அப்பா சொன்னபோது, "நேர்த்தி என்ர. என்ர கையாலதான் போகவேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார், உண்மையிலேயே ஒற்றைக்காலில்தான்.

கூடையில் இறக்கலாமென்றால், "மீன் ஏறின கயிறு சாமிக்கு ஆகாது" என்றார். அப்பா புதுக் கயிறும் கூடையும் வாங்கி வந்தார்.

சுவாமி வாசலில் நின்றார். ஒழுங்கை முனையில் மறிக்கப்பட்ட பஸ்கள் ஹோர்ன் அடித்தன. அம்மா கூடையை இறக்க, கயிற்று நீளத்தில் அப்பாவின் கண்ணளவு பிழைத்து, அது முதலாம் மாடிக்கு நேரே அந்தரத்தில் நின்றுவிட்டது. பொலிஸ்காரர் சிங்களத்தில் "யன்ன, யன்ன" என்று ஊர்வலத்தை அவசரப்படுத்தினார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அப்போது முதலாம் மாடி பரீதா அன்ரி எட்டிப் பார்த்து, "கலங்காதீங்க, என்ட கயித்த முடிஞ்சு விடுறேன்" என்றார். எங்கள் கயிற்றோடு தன் கயிற்றை முடிந்து, அதன் நுனியில் கூடையைக் கட்டினார். அவர் கயிற்றில் ஏறாத மீனா, இறைச்சியா! அம்மாவின் கையிலிருந்தே கூடை இறங்கியது. ஐயர் அக்காவின் பெயர் சொல்லி அர்ச்சனை செய்தார்.

"இப்ப மீன் கயிறு பரவாயில்லையோ?" என்று அப்பா சீண்டினார்.

"சாமியே ரோட்டுக்கு இறங்கி வந்திட்டார், கயிறைப் பாப்பாரே?" என்றார் அம்மா. அம்மாவை நினைத்து இன்றும் நான் பெருமைப்படுவது இந்தச் சொல்லுக்காகத்தான்.

படைத்ததை அன்ரி வீட்டில் சாப்பிடமாட்டார்கள் என்று, அடுத்த வருடத்திலிருந்து தட்டு அடுக்க முன்னரே நல்ல வாழைப்பழச் சீப்பொன்று முதலாம் மாடிக்குப் போனது. "சாமிக்கு முதலோ?" என்றார் அப்பா. "ஓம்" என்றார் அம்மா.

இன்று அந்த இடத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம். அங்கேயேதான் இருக்கிறோம், ஆனால் பல்கனியும் கயிறும் இல்லை. பாண் ஓட்டோவைக் காவலாளி உள்ளே விடுவதில்லை. தெஹிவளைக்கு மகளோடு குடிபோயிருந்த பரீதா அன்ரி சென்ற வருடம் மௌத்தாகி அடக்கமானார்.

இம்முறையும் அம்மா ஒரு சீப்பை எடுத்துத் தனியே வைத்தார். அதை வாங்கிக்கொண்டு, அன்ரியின் மகள் வீட்டுக்கு பஸ் ஏறினேன். சற்றுத் தூரத்தில் சுவாமிக்காக வீதியை மறித்துவிட்டார்கள். ஹோர்ன் அடிக்கும் பஸ்ஸுக்குள், மடியில் பழத்தோடு இருந்தபடியே கும்பிட்டேன்.